பெரிய கலண்டர்

இன்னைக்கு இறம்பொடை டவுன்ல உள்ள நானா கடையில சீனி வாங்க நின்னேன். வெளியில அடைமழை.

எங்க தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து வீட்டுச் செல்வி அக்கா நனைஞ்சுக்கிட்டே வந்தாங்க. "நானா, ஒரு கலண்டர் தாங்க. பெருசா."

"இந்த முறை சின்னதுதான் அடிச்சோம் தங்கச்சி."

"சின்னது மறைக்கப் பத்தாது நானா. சுவர்ல உள்ள வெடிப்பு அகலமாயிருச்சு. பிள்ளைங்க பாத்துப் பயப்படுதுங்க."

நான் கேட்டேன். "மண்சரிவு வரும், வேற எடத்துக்குப் போங்கன்னு ஆபீஸ்காரங்க சொன்னாங்கல்ல அக்கா?"

"மழைக்குள்ள சாமான் தூக்க ஏலுமா? மழை விட்டதும் போவோம்னு இருப்போம். விட்டதும், அதான் விட்டுருச்சேன்னு இருந்துருவோம்."

நானாவுக்கு மனசு கேக்கல. கடைச் சுவர்ல தொங்குன பெரிய கலண்டரையே கழட்டினாரு.

அதுக்குப் பின்னால, மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு. கையே நுழையும்.

மூணு பேரும் அதையே பாத்துக்கிட்டு நின்னோம்.

நானா கலண்டரைத் திரும்பவும் அதே ஆணியில மாட்டிட்டு என் பக்கம் திரும்பினாரு. "சீனி எவ்வளவு கேட்டீங்க?"

நானும் ஒரு கிலோன்னு சொன்னேன்.

உங்க வீட்டுக் கலண்டரையும் கொஞ்சம் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க. மழை விட்டப்புறம் சொன்னாலும் சரி.