பெரட்டுக் களத்தில் நான் பேசிய சட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் ஓட்டு உண்டென்று பேச்சு எழுந்த புதிது. நாவலப்பிட்டித் தேநீர்க் கடையொன்றில்தான் அந்தச் சனியன் என் தலையில் ஏறியது. பிரக்கிராசியார் என்கிற வக்கீல் ஒருவரிடம் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னார்: "சட்டம் போடுறவை வேற, நடத்துறவை வேற, தீர்ப்புச் சொல்லுறவை வேற. மூண்டையும் ஒரு ஆள் செய்யேலாது. விளங்குதோ?" எனக்கு நன்றாகவே விளங்கித் தொலைத்தது.

எங்கள் தோட்டத்தில் மூன்றும் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைதான். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெளியாள் வரக்கூடாதென்று சட்டம் போட்டவர் அவர். மீறியவனைப் பிடிப்பதும், காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் நிறுத்தி விசாரிப்பதும், தண்டிப்பதும் அவரே. ஓட்டுப் பதிவுக்கு விபரம் சொல்ல வந்த ஒருவரை லயத்தில் எனக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார வைத்தேன் என்று ஒருநாள் என்னை நிறுத்தினார். பெண்சாதிக்கு நிறைமாதம். கையெடுத்துக் கும்பிட்டிருந்தால் ஏச்சோடு போயிருக்கும். நானோ பெரிய மனுஷனாட்டம் வாயைத் திறந்தேன்.

"தொரைகளே, குத்தம் சொல்றதும் நீங்க, தீர்ப்புச் சொல்றதும் நீங்களா? கோர்ட்டுக்கு அனுப்புங்க."

துரை சிரித்தார். அன்றே வேலையை நிறுத்தி, கணக்குத் தீர்த்துப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்தார். பிள்ளை பிறக்கும்வரை காம்பராவை விடமாட்டேன் என்று நான் அங்கேயே கிடந்தேன். வேலையில்லாதவன் தோட்டத்தில் இருந்தால் அத்துமீறல். நான் கேட்டபடியே கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நீதவானைக் குறை சொல்லமாட்டேன். துரைக்கென்று தனியாக உட்காரக் கதிரை போடவில்லை. மொழிபெயர்ப்பவர் வழியாக என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

"தோட்டத்தில் உனக்கு வேலை இருக்கிறதா?"

"இல்லீங்க."

"இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாயா?"

"ஆமாங்க. ஆனா வேலைய நிறுத்துனது நியாயமான்னு..."

"அது துரையின் அதிகாரம். அதற்குள் நான் நுழைய முடியாது."

அட கடவுளே, கிளாக்கர் சொன்ன அதே பாடம்! பதினாலு நாள் கண்டிச் சிறையில் கிடந்தேன்.

திரும்பி வந்தபோது காம்பராவில் வேறு குடும்பம். பெண்சாதி நாவலப்பிட்டியில் ஒரு முஸ்லிம் கடைக்காரரின் பின்கட்டில், சாக்கின்மேல் படுத்திருந்தாள். லயத்திலிருந்து வெளியேற்றிய அன்றே, மழையில், வழியிலேயே பிரசவம். ஆண்பிள்ளை. அழவேயில்லையாம். என் வாய்க்கொழுப்பால் வந்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

"எங்க பொதைச்சாங்க?" என்று கேட்டேன்.

"தோட்டத்துலதான். லயத்துச் சனங்க போய்க் கேட்டாங்க. தொரை ஒடனே உத்தரவு குடுத்துட்டாரு."

"வா, போய்ப் பாத்துட்டு வருவோம்."

அவள் எழவில்லை. "நாம போகக் கூடாதாம்ங்க. நமக்குத்தான் அங்க வேலையில்லையே."