வரைபடத்தில் விடுபட்ட பத்தடி

சிதம்பரம் போவதற்காகச் சேத்தியாத்தோப்பில் பஸ் மாற நின்றிருந்தபோது போன் வந்தது. ராணி மேடத்தின் தம்பி. "அக்கா போயிட்டாங்க சார். காலைல டீ குடிச்சிட்டு நாற்காலில சாஞ்சாங்க. எழுப்புனா எழுந்திரிக்கல" என்றார். எதிர்ப்பக்கம் அவர் ஊருக்குப் போகும் விருத்தாசலம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்காமல் போயிருக்கிறார் என்பதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், மனுவோடு அவர் மேசை முன் நின்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சகாயராணி என்ற முழுப் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வருவாய்த் துறை அலுவலகத்தில் அவர் தலைமை உதவியாளர், அதாவது மாநில அரசின் ஆள். நான் அப்போது உள்ளாட்சியில் பணி மேற்பார்வையாளராக இருந்தேன். தெரு, சாக்கடை, விளக்கு என்று என் உலகம் சின்னது.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. பீங்கான் பொம்மை செய்யும் செல்வி என்ற பெண், மழைத் தண்ணீர் தெருவில் தேங்கிக் கொட்டகைக்குள் வருகிறது என்று என்னிடம் வந்திருந்தாள். தெருச் சாக்கடை சுத்தமாக இருந்தது. அது போய்ச் சேரும் சாலையோரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறையுடையது. "அது எங்களுது இல்லம்மா" என்று அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் ராணி மேடம் போனில் கூப்பிட்டார்.

"சார், செல்வின்னு ஒரு பொண்ணு என் எதிர்ல நிக்கிது. உங்ககிட்டேருந்து ஹைவேஸு, அங்கேருந்து ரயில்வே, அங்கேருந்து இங்க அனுப்பியிருக்காங்க. நீங்க சொன்னது தப்பில்லங்க. எல்லா ஆபீஸும் சரியாத்தான் சொல்லுது. தண்ணி மட்டும் வூட்டுக்குள்ள இருக்குது. அது எப்பிடிங்க?"

எனக்குக் கோபம் வந்தது. நேரில் போய் இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

நான் போனபோது செல்வி அவரிடம், "அரசாங்கம்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. ரயிலு டெல்லி அரசாங்கம். பெரிய ரோடு சென்னை அரசாங்கம். உன் தெரு நம்ம ஊரு கவுன்சிலு. ஒருத்தரு வேலைய இன்னொருத்தரு செய்ய முடியாது. அப்பிடிப் பிரிச்சதும் நல்லதுக்குத்தான். எல்லாத்தையும் ஒரே ஆளுகிட்ட குடுத்தா அவரு வெச்சதுதான் சட்டம்."

"அப்ப சென்னைல யாரும்மா பெரிய ஆளு?"

மேடம் மேசையிலிருந்த ஓர் அரசாணையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'ஆளுநரின் ஆணைப்படி' என்று அச்சாகியிருந்தது. "பேரு ஆளுநரு பேரு. முடிவு எடுக்கறது முதலமைச்சரும் மந்திரிங்களும். அவங்க சட்டசபைக்குப் பதில் சொல்லணும். அந்தச் சபைக்கு ஆளு அனுப்புனது யாரு? நீதான். செயலாளரு, கலெக்டரு, தாசில்தாரு, நானு எல்லாம் நடுவுல காயிதத்த நகத்தற ஆளுங்க. அதனால பயந்துகிட்டு நிக்காத, உக்காரு."

செல்வி உட்கார்ந்தாள். சண்டை போட வந்த நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் யாருக்கும் உத்தரவு போடக்கூடிய பதவியில் இல்லை. போன் செய்தார், கெஞ்சினார், தாசில்தாரிடம் சொல்லி ஒரு கடிதம் வாங்கினார். அடுத்த வாரம் ஒரு காலையில் செல்வியின் கொட்டகை முன் நாங்கள் கூடினோம். ரயில்வே இன்ஜினியர் வடக்கிலிருந்து வந்தவர். பாதித் தமிழ் பேசுவார். நெடுஞ்சாலை இன்ஜினியர் வண்டியை விட்டு இறங்காமலே, "எங்க கால்வாய் கிளீனா இருக்குது மேடம்" என்றார். ரயில்வேக்காரரும், "நம்ம பாலம் ஓகே" என்றார். உள்ளே பலகைகளில், சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் ஈரத்தில் கரைந்து முகமில்லாமல் நின்றன. செல்வி பலகையருகே போனாள். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். அது கையோடு ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் சரின்னே வெச்சுக்குவோம். தண்ணி போற வழியா ஒரு தடவ நடந்துட்டு வருவோங்களா?" என்றார் மேடம்.

நடந்தோம். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போனார். என் சாக்கடை சரியாகத்தான் சாலைக் கால்வாயில் சேர்ந்தது. அந்தக் கால்வாயும் சுத்தம். ஆனால் அது முடிந்த இடத்துக்கும் ரயில் பாதையின் கீழே இருந்த சிறு பாலத்துக்கும் நடுவில் மண் மேடும் கருவேலம் புதரும் கிடந்தன. பத்தடி இருக்கும். மூன்று பேரும் அவரவர் வரைபடத்தை விரித்தோம். எதிலும் அந்தப் பத்தடி இல்லை.

மேடம் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய நில அளவைப் படத்தைத் தேடி எடுத்தார். மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் போன் வந்தது. "அது வருவாய்த் துறை புறம்போக்குங்க. எங்க எடம்தான். உங்க மூணு பேரையும் சேத்துல நடக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். போனில் சொன்னதோடு விடாமல், சாயந்திரம் செல்வியின் கொட்டகைக்கே போய், "தப்பு எங்க பேருல இருக்குதும்மா" என்று சொன்னாராம். அவர் பதவியில் இருந்த எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. அந்த இடத்தில் உள்ளாட்சி வாய்க்கால் வெட்டிக்கொள்ள வருவாய்த் துறை அனுமதி தர வேண்டும்; எங்கள் மன்றம் தீர்மானம் போட வேண்டும்; பாலத்தின் வாயைத் திறந்துவிட ரயில்வே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே காகிதம் நின்றாலும் மேடம் அங்கே போன் செய்தார். ஐப்பசி பிறப்பதற்கு முன் வாய்க்கால் வெட்டி முடித்தோம். முதல் பெருமழையன்று செல்வி எனக்குப் போன் செய்து, பேசாமல் போனைத் தெருப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அடக்கத்துக்கு நெடுஞ்சாலை இன்ஜினியர் வந்திருந்தார். ரயில்வேக்காரர் எந்த ஊரிலிருந்தோ அழைத்து, "மேடம் நல்ல மனுசி" என்று அதையே இரண்டு முறை சொன்னார். செல்வி கடைசி வரை அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தபடி இருந்தாள். அந்த வீட்டில் துக்கத்தைவிட, அவரோடு பழகியவர்கள் என்ற பெருமைதான் எங்களிடம் அதிகம் இருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வழக்கம். அதற்குப் பிறகு என் பணிக்காலம் முழுவதும், இடத்தை நடந்து பார்க்காமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. சில சமயம் தப்பு எங்கள் பக்கம் இருந்தது; அதைச் சொன்னேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஓய்வு பெற்ற நான் இப்போது எந்த அரசாங்கத்தின் ஆளும் இல்லை. ஆனாலும் போன வாரம் நல்லூரிலிருந்து ஒருவர், குடிநீர்க் குழாய் உடைந்த இடம் யாருடைய பொறுப்பு என்று கேட்டு வந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.