வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை பஸ்

“இந்த டவுனில் இறங்கி என்ன பார்க்கலாம்?”

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், மாத்தளை பஸ் நிலையத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். கோயில் என்றேன். பார்த்துவிட்டாராம். அலுவிகாரைக் குகை விகாரை என்றேன். அதையும் பார்த்துவிட்டாராம். அதற்கு மேல் சொல்ல எனக்கு வேறு இடம் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு கண்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் ஜெஸீமா. பெரிய தெருவில் கராம்பு, கறுவா, சாதிக்காய், மிளகு விற்கிற கடை அவருடையது. முதலில் அது தகப்பனுடையது; வாப்பா மௌத்தான பிறகு பதினொரு வருஷமாக அவர்தான் நடத்துகிறார். சிகிரியா பார்த்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பும் பஸ்கள் தினமும் அவர் கடை வாசலால் போகும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர்கள் தெருவைப் படம் எடுப்பார்கள், இறங்க மாட்டார்கள். வாங்க வேண்டியதையெல்லாம் வழியில் உள்ள ஸ்பைஸ் கார்டன்களிலேயே வாங்கியிருப்பார்கள்.

“என்ட கடையப் படம் புடிச்சிட்டுப் போறவன் ஒரு மொளகாவது வாங்கினா என்ன?” என்று ஜெஸீமா அடிக்கடி கேட்பார்.

ஜெஸீமாவின் தம்பி பவாஸுக்குக் கடையில் நம்பிக்கை கிடையாது. ஒரு போன் கடைக்காரர் அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ராத்தா, நீங்க இந்த மார்ச் முடியிற மட்டும் பாருங்க. சரி வராட்டிக் கடையக் குடுத்துட்டு நிம்மதியா ஊட்டுல இரிங்க.”

“ஊட்டுல இருந்தா எனக்கு நிம்மதி என்டு யாரு ஒங்களுக்குச் சொன்ன?” என்றார் ஜெஸீமா. ஆனாலும் மார்ச் கெடுவுக்கு ஒப்புக்கொண்டார்.

அவருடைய யோசனை எளிமையானது. ஒரு கடைக்காக யாரும் பஸ்ஸை நிறுத்த மாட்டார்கள், ஒரு தெருவுக்காக நிறுத்தலாம். கோயில் பக்கம் இறங்கி, புடவைக் கடை, நகைக் கடை, இனிப்புக் கடை, டொறீனின் கேக் கடை, பிறகு தன் கடை என்று நடந்து வரலாம். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பத்துப் பேரைச் சம்மதிக்க வைத்தார். கதவுகளில் மஞ்சள் கடதாசி ஒட்டினார். அதில் மூன்று மொழியிலும் ‘வாங்க’ என்று எழுதியிருந்தது.

பஸ் பிடிப்பதுதான் கஷ்டம். தேத்தண்ணிக் கடையில் நிறுத்துகிற சாரதிகளில் ஜீவராஜ் என்பவரைப் பிடித்தார். இரத்தோட்டைக்காரர். மூன்று மாதம் விடாமல் கேட்டதில் அவர் இறங்கி வந்தார்.

“சரிக்கா. அடுத்த வெள்ளிக்கிழம பன்னண்டரைக்கு வாறோம். இருபத்திரெண்டு பேரு. முக்கா மணி நேரந்தான். ஆளுங்க மொகம் சுளிச்சாங்கன்னா அதோட சரி, கம்பெனியில மறுபடி கேக்க முடியாது.”

ஜெஸீமா பத்துக் கடைக்கும் ஓடிப் போய்ச் சொன்னார். எல்லோரும் “நல்லம், நல்லம்” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜீவராஜ் போன் எடுத்தார். “அக்கா, நாலந்தா தாண்டிட்டோம்!”

ஜெஸீமா கண்ணாடிப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது வெளியே ‘கடகட’ என்று ஒரு ஷட்டர் இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, டொறீனின் கடையைத் தவிர எல்லாம். தொப்பியைச் சரிசெய்தபடி ஆண்கள் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்கள்.

துடைத்த துணி கையிலேயே இருக்க, எதிர்ப்பக்கம் டொறீனின் கேக் கடைக்குப் பாய்ந்தார்.

“டொறீன்! ஜும்மா!”

“ஆமா, வெள்ளிக்கிழமன்னா ஜும்மாதானே?” என்றார் டொறீன். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. “ஐயோ, ஜெஸீமா!”

பிறந்ததிலிருந்து வாராவாரம் பார்க்கிற நண்பகல் தொழுகை அது, அந்த நேரம் கடைகள் பூட்டியிருக்கும். மூச்சு விடுவதை யாராவது கலண்டரில் குறித்து வைப்பார்களா? அதுபோலப் பத்துக் கடைக்காரர்களும் மறந்துவிட்டார்கள். கதவில் ‘வாங்க’ என்ற கடதாசி இருந்தது. ஆனால் கதவு பூட்டியிருந்தது.

ஜெஸீமாவுக்கு மார்ச் மாதமும் போன் கடையும் கண்ணுக்குள் வந்தன. பிறகு தன் போனைப் பார்த்தார். நோன்புக் காலத்தில் கஞ்சி காய்ச்சுவதற்காகத் தெருப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழு அதில் இருந்தது. பாதிக் கடைகளுக்குப் பின்னாலும் மேலேயும் வீடுகள்தானே? அதில் குரல்பதிவு அனுப்பினார்.

“யாருட ஊட்டுல கடைச் சாவி இரிக்கி?”

முதலில் பேசியவர் புடவைக் கடை ஸுஹைல் ஹாஜியாரின் மனைவி ஆஸியா. “முன்கதவுச் சாவி அவர்ட இடுப்புல. பின்கதவுச் சாவி என்ட தலகாணிக்குக் கீழ. வாறன்.”

பஸ் நின்றபோது ஆறு கடைகள் பின்பக்கத்தால் திறந்திருந்தன. தெருவிலிருந்து பார்க்க வெறும் ஷட்டர்கள்தான். ஜீவராஜின் முகம் கறுத்தது.

“என்னக்கா, கவுத்துட்டீங்களே!”

“கத்த வாணாம், ஆக்களக் கூட்டிட்டு இந்தப் பக்கத்தால வாங்க,” என்று ஜெஸீமா கடைகளுக்கு இடையில் உள்ள ஒடுங்கிய சந்துக்குள் நடந்தார்.

அந்தச் சந்து நேராகச் சமையலறைகளுக்குப் போகும். வெள்ளிக்கிழமை மதியம் வேறு. ஒவ்வொரு வீட்டிலும் நெய்ச்சோறும் இறைச்சியும் அடுப்பில் இருந்தன. வந்தவர்கள் நின்று நின்று வாசனை பிடித்தார்கள். ஒரு வயதானவர் ஒரு சட்டியைக் காட்டி இது என்ன வாசனை என்று கேட்டார். ஜெஸீமா தன் கடையிலிருந்து கறுவாவையும் ஏலக்காயையும் எடுத்து வந்து கையில் வைத்தார். “இதுதான் அதுக்குள்ள,” என்றார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். வயதானவர் தன் கையை மோந்தார், சட்டியை மோந்தார், உடனே மனைவியைக் கூப்பிட்டார். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

ஆஸியாவுக்கு லுங்கி போன்ற அந்தச் சாரங்களில் எதற்கு என்ன விலை என்று தெரியாது. ஹாஜியார் வரும்வரை இருங்கள் என்று ஆட்களை உட்காரவைத்து இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். முக்கால் மணி நேரம் எங்கே போனது என்று ஜீவராஜும் பார்க்கவில்லை. அவர் கையில் ஒரு கோப்பை நெய்ச்சோறு இருந்தது.

தொழுதுவிட்டு வந்த ஹாஜியார், தன் கடைக்குள் ஒரு நெட்டை வெள்ளைக்காரருக்கு மனைவி சாரம் சுற்றி விடுவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரு கடையத் தொறந்த?”

“நான்தான். ரெண்டு வருஷமா அலுமாரியில கெடந்த அந்தப் பெரிய சைஸுக்கு இப்பதான் ஆள் வந்திரிக்கி. வெலயச் சொல்லுங்க, பேச்ச உடுங்க.”

பவாஸும் வந்தார். ராத்தாவின் கடையில் கூட்டத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாதிக்காயைப் பையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்.

பஸ் புறப்படும்போது ஜெஸீமா ஜீவராஜிடம் மெதுவாகக் கேட்டார். “தம்பி, அடுத்த முற சனிக்கிழமைக்கு வைப்பமா? எல்லாக் கடையும் தொறந்திரிக்கும்.”

“சனிக்கிழம வேணாங்கக்கா,” என்றார் ஜீவராஜ். “வெள்ளிக்கிழம பன்னண்டரைக்கே வையுங்க. கடைக்குப் போன மாதிரி இல்ல, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போன மாதிரி இருந்திச்சின்னு சொல்றாங்க.”

மார்ச் முடிந்தது. போன் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். பஸ் எல்லா வெள்ளிக்கிழமையும் வருவதில்லை. மழைக் காலத்தில் இரண்டு முறை வரவே இல்லை. வராத நாளில் நெய்ச்சோறு மிஞ்சுகிறது, டொறீன் வாங்கிக்கொண்டு போகிறார். ஆஸியாவிடம் இப்போது முன்கதவுச் சாவியும் இருக்கிறது.

அன்றைக்கு பஸ் நிலையத்தில் என்னிடம் கேட்ட அந்தப் பெண்ணை நான் இனிமேல் காணப்போவதில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். கண்டிக்கோ தம்புள்ளைக்கோ போகிற யாராவது மாத்தளையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வரட்டும். ஷட்டரைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம், சந்து வழியாக வரச் சொல்லுங்கள்.