மச்சான் சொன்ன மொழிபெயர்ப்பு

அன்று கனடாவில், ஸ்காபரோ மைதானத்தில் நான், மகள், பேஸ்போல் பயிற்சியாளர், எனக்கு மொழிபெயர்க்க வந்த மச்சான் ஆகிய நால்வரே நின்றோம். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் இடத்துக்கு மகளை அணியில் எடுப்பார்களா என்று பார்க்க வந்திருந்தோம். தெரிவுக் கட்டணம் என்று மச்சான் ஏற்கனவே என்னிடம் இருநூறு டொலர் வாங்கியிருந்தான்.

பயிற்சியாளர் மகளின் ஆட்டத்தைப் பார்த்து முடித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"பந்தை அடிக்கிறது காணாதாம் அத்தான். இன்னும் நூறு குடுத்தால் எடுப்பாராம்," என்றான் மச்சான்.

நான் பர்சைத் திறந்தேன்.

"அப்பா, அவர் காசே கேக்கேல்லை. அடி கொஞ்சம் ஸ்லோவாம். ஆனா ஒரு பந்தும் விடேல்லையாம், திங்கள் வரட்டாம். எல்லாம் ஃப்ரீ," என்றாள் மகள்.

"உவளுக்கு என்ன விளங்கும்," என்று மச்சான் சிரித்தான். காசுக்கு நீட்டிய கையை அவன் மடக்கவேயில்லை. நான் பர்சை மூடினேன்.

பெரியவர்கள் பேச்சில் பிள்ளையை மொழிபெயர்க்கக் கேட்பதா என்று அவனைக் கூட்டிவந்தவன் நான்தான். மகள் திங்கள் பயிற்சிக்குப் போனாள். அந்தக் கையை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது; அவன் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை. அவன் வாங்கிய இருநூறு டொலர் இன்னும் திரும்பி வரவில்லை.