எது பொய்த் தண்ணீர்?

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளிய நீரைக் கையில் ஊற்றியதும் சுரீரென்றது. அந்தச் சூட்டோடு என் வகுப்புத் தோழி பரீதா நினைவில் வந்து நின்றாள்.

எழுபதுகளில் பள்ளிச் சுற்றுலாவாக இங்கே வந்தோம். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் தோண்டிய ஏழு கிணறுகள் இவை என்றார் வாத்தியார். குறிஞ்சாக்கேணி ஊர்ப் பரீதா கையைத் தூக்கினாள்.

"எங்கட உம்மா வேற கதை சொல்லுவா, சேர். பக்கத்துக் குன்றில அடங்கியிருக்கிற அவுலியா, அந்த இறைநேசர்ட தண்ணி இது. காய்ச்சலெண்டா இஞ்சதான் குளிப்பாட்டுவா."

"அது பொய்க்கதை. வாயை மூடு."

அவள் மூடவில்லை. ஒவ்வொரு கிணற்று நீரையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஏழும் பக்கத்தில பக்கத்தில இருக்கு. ஏழும் வேற வேற சூடு. இதில எது பொய்த் தண்ணி, சேர்?"

திரும்பும் வழியெல்லாம் அவளைப் பஸ்ஸில் நிற்க வைத்தார். அவள் தலை குனியவே இல்லை.

இறந்த தாயை நினைக்க ஒரு கதை, பிள்ளையின் காய்ச்சல் இறங்க ஒரு கதை. இரண்டும் மனிதருக்கு வேண்டும்.

பக்கத்தில் ஓர் இளம் வழிகாட்டி, பயணிகளுக்கு இராவணன் கதையை மட்டும் சொல்லி முடித்தான். நான் ஈரக் கையைத் தூக்கினேன்.

"தம்பி, மற்றக் கதையையும் சொல்லுங்கோ. ஏலாதெண்டா விலகுங்கோ, நான் சொல்லுறன்."