பத்தொன்பது கட்டைவிரல்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு, பேரிங், வால்வு இவற்றைப் படமெடுத்துக் கொடுப்பது என் தொழில். அவை கண் சிமிட்டுவதில்லை. ‘என்னைக் குண்டாகக் காட்டிவிட்டாய்’ என்று சண்டைக்கும் வருவதில்லை. பன்னிரண்டு வருடம் ஒரே கேமராவோடு காலம் தள்ளினேன். அதில் எந்தப் பொத்தான் எங்கே என்று என் விரல்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் தெரியாது.

போன வருடம் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினேன். படம் பதியும் சில்லு பழையதைவிடப் பெரியது. நுணுக்கம் அதிகம், பிடிவாதமும் அதிகம். வால்வின் முன்விளிம்பைக் கூர்மையாகக் காட்டினால் பின்விளிம்பை மூடுபனியில் கரைத்துவிடும். ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் என் மடிக்கணினி, பட்டாபிராம் ரயில்வே கேட்டில் மாட்டிய ஆட்டோபோல உறுமிக்கொண்டு நிற்கும். பொத்தான்களும் குறைவு, பாதி வேலை தொடுதிரையில்தான்.

கேமரா வந்த மூன்றாம் நாள், மருந்துக் கம்பெனிகளுக்கு வால்வு செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே தரப் பிரிவைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ‘குவாலிட்டி சார்’ என்பார்கள். வெறுங்கையால் வால்வைத் தொட்டவரை, செருப்போடு கருவறைக்குள் நுழைந்தவரைப் போலப் பார்ப்பார். நானும் வெள்ளைக் கையுறை மாட்டித்தான் வேலை செய்ய வேண்டும்.

சும்மா இருந்திருக்கலாம். “இதுல எடுத்தா மயிரிழைக் கீறல்கூடத் தப்பாது சார்” என்று அவரிடம் பெருமையடித்தேன்.

மதியம் வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். முதல் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கண்ணாடிபோலப் பாலிஷ் செய்த எஃகின் நடுவே, கோலம் போட்டதுபோல ஒரு கட்டைவிரல் ரேகை.

“யாரோட கை மேடம் இது?”

“தெரியலையே சார்.” அந்த நிமிடம் அது உண்மைதான்.

பாலிஷ் பிரிவில் எட்டுப் பேர், பேக்கிங்கில் பதினொரு பேர். “பத்தொன்பது பேரோட கட்டைவிரலையும் உங்க கேமராலயே எடுத்துக் குடுங்க. இன்னிக்குக் கண்டுபிடிச்சே ஆகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனியாக உட்கார்ந்து அந்த ரேகையை மறுபடி பார்த்தேன். குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. என் வலது கட்டைவிரலைத் திருப்பினேன். எப்போதோ வாழைக்காய் சீவும்போது வெட்டிக்கொண்ட தழும்பு, அதே சாய்வில்.

காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. கையுறை போட்ட விரலை அந்தத் தொடுதிரை விரலாகவே மதிக்கவில்லை. கழற்றினேன், திரையை அழுத்தினேன், மாட்டினேன், வால்வைக் கொஞ்சம் திருப்பினேன், மறுபடி கழற்றினேன். நடுவில் ஒரு மாட்டலை மறந்திருக்கிறேன்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காலையில் அடித்த பெருமை விடவில்லை. எந்த விரலும் பொருந்தப்போவதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே வக்கீலானேன். போதாக்குறைக்கு இந்தக் கேமராவில் குவியம் பிடித்துப் பழகப் பத்தொன்பது விரல்கள் கிடைக்கின்றன. உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது.

பத்தொன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். ஏழாவது விரலுக்குள் கேமரா எனக்குக் கொஞ்சம் அடங்கியது. பன்னிரண்டாவதாக வந்தவர் பேக்கிங் பிரிவின் மூத்த அக்கா. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருபவர்.

“இன்னாம்மா இது, ஆதார் எடுக்குற எடம் மாதிரி கீது?” என்றபடி கையை நீட்டினார். விரலைச் சரியாக வைக்க நான் அவர் கையைப் பிடித்தேன். அவரோ என் கையைப் புரட்டினார். பக்கத்துத் திரையில் இருந்த வால்வு ரேகையைப் பார்த்தார். மறுபடி என் விரலைப் பார்த்தார்.

“உன் வெரலு எப்போ எடுக்கப்போறே?”

“அக்கா, மெதுவா.”

“நான் இன்னாத்துக்குச் சொல்லப்போறேன்? இத்தினி பெரிய கேமரால என்னை ஒரு போட்டோ எட்துக் குடு. நாளைக்கு நல்ல பொடவை கட்டிகினு வரேன்.”

தலையாட்டினேன்.

சாயங்காலம் வரை குவாலிட்டி சார் பத்தொன்பது விரல்களையும் திரையில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒன்றும் பொருந்தவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், ஒரு உதவி. என் விரலையும் எடுத்துப் பாருங்க. காலைல அவசரத்துல நானே தொட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

கையுறையைக் கழற்றி விரலை நீட்டியபடி, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். அதுவரை வந்துகொண்டிருந்த சிரிப்பு எனக்குச் சட்டென்று நின்றுபோனது.

“உங்களுது வேணாம் சார். என்னுதுதான்” என்று என் விரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, ‘குறைக்குக் காரணம்: புகைப்படக்காரர்’ என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

“கையெழுத்துப் போதுமா சார், கைநாட்டு வைக்கணுமா?”

உதட்டைக் கடித்துக்கொண்டார். அது சிரிப்புதான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

மறுநாள் அக்கா அரக்குப் பட்டுப்புடவையில், தலைநிறையப் பூவோடு வந்து நின்றார்.

“சார்கிட்ட நானே ஒத்துக்கிட்டேன் அக்கா.”

“அய்ய, அதுக்கு நான் இன்னா பண்றது? கட்டிகினு வன்ட்டேன் இல்ல?”

மதிய இடைவேளையில் ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். உயிருள்ள முகத்தை இந்தக் கேமராவில் எடுத்தது அதுதான் முதல் முறை. வால்வுபோல அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் குவியம் காதுக்கு ஓடியது. பதினைந்தாவது படத்தில்தான் கண் கிடைத்தது. அக்கா திரையில் இரண்டு விரல் வைத்துத் தன் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். நெற்றி, கன்னம், மூக்குத்தி. அங்கே நின்றார்.

“அய்யோ, மூக்குத்தில கல்லு ஒண்ணு உழுந்துகீது!”

அதைக் கேட்டு வாசலில் போய்க்கொண்டிருந்த குவாலிட்டி சார் திரும்பி ஓடிவந்தார். “எங்க விழுந்துச்சு? பேக்கிங்லயா? வால்வுக்குள்ள போயிருந்தா? லோடு ஏத்தாதீங்க, எல்லாப் பெட்டியையும் பிரிங்க!”

அன்று மாலை நாலு மணி வரை பெட்டிகளைப் பிரித்தோம். நானும் பிரித்தேன், கையுறையோடு. கல் கிடைக்கவில்லை. கடைசிப் பெட்டியை மூடும்போது அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“தீபாவளிக்கே ஊட்ல உழுந்துச்சு இல்ல? மறந்தே பூட்டேன்.”

குவாலிட்டி சார் புதிதாக ஒரு படிவத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி, என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.