முதல் மிதியில் நிற்கிற கார்

எனக்கு வேகம் பிடிக்கும். இதைச் சொல்ல ஒரு பெண் டாக்டர் கூச்சப்பட வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது, நான் படுவதில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் உடைந்த எலும்பை ஒட்டிச் சம்பாதித்த காசில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி. வேகத்தடை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும்.

அம்மா மட்டும் அதில் ஏறவே மாட்டேன் என்றாள்.

மன்னார்குடிப் பக்கம் அவள் நடவு நட்ட காலத்தில் அந்தச் சாலையில் ஓடிய ஒரே கார் பண்ணையாருடையது. ஹாரன் கேட்டால், வயல் வேலை செய்த எங்கள் ஆட்கள் ஓரம் ஒதுங்கினால் போதாது. வயலில் இறங்கி நிற்க வேண்டும். தலையில் நாற்றுக்கட்டோடு இறங்கி வாய்க்காலில் விழுந்தவள் அம்மா. பிறகு சங்கம் வந்தது, கூலிப் போராட்டம் வந்தது, கொடி ஏறியது, வயலில் இறங்குவது நின்றது. ஆனாலும் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் அவள் கால் வரப்பைத் தேடும். அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

“ஒன் வண்டிக்காக ஒருத்தரும் வயல்ல எறங்கக் கூடாது. அப்படி நிக்குமா, சொல்லு. ஏறுறேன்” என்றாள்.

பிரேக்கை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. சக்கரத்தின் இடுக்கில் சிவப்பாகத் தெரியுமே, பிரேக் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பெரிய காலிப்பர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். திருச்சிக் கடைக்காரரும் அவர் கட்சி.

“ரேஸ் காருக்குப் போடுற பிரேக் பேடு போட்டுடலாம் மேடம். எவ்வளவு சூடானாலும் பிடி வுடாது.”

“சூடாகறதுக்கு முன்னாடி?”

“அப்ப கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும். நாலு தடவை மிதிச்சா சூடேறிச் சரியாயிடும்.”

எங்கள் சாலையில் நாலு தடவை மிதிக்க யார் இடம் கொடுப்பார்கள்? ஒரு திருப்பத்தில் வாத்துக் கூட்டம், அடுத்த திருப்பத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். இங்கே முதல் மிதிதான் மிதி. ஆறிக் கிடக்கும்போதே பிடிக்கிற சாலை பேடு, நல்ல டிஸ்க், புது பிரேக் ஆயில், நான்கு புது டயர் என்று கேட்டு வாங்கினேன். சிவப்பு கிடையாது. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்து, பழைய காலிப்பருக்கே சிவப்பு அடித்துச் சமாதானமாகிவிட்டார்.

தை அறுவடை சமயத்தில் ஒரு காலை, அம்மாவை ஏற்றிக்கொண்டு மன்னார்குடிக்குக் கிளம்பினேன். கொஞ்சம் வேகமாகத்தான் போனேன். பக்கத்து சீட்டில் அவள் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தாள். நீடாமங்கலம் தாண்டி ஒரு வளைவு. திரும்பினால், சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. மறு பாதியில் இரண்டு பெண்கள் சிதறிய நெல்லைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். மிதித்தேன். ஒரு நெல்லைக்கூடத் தொடாமல் வண்டி நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. “செத்த இருங்க, அள்ளிடுறோம்” என்றாள்.

அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“மெதுவாவே அள்ளும்மா. எங்க காரு நிக்கும்.”